முப்பது பாட்டும் ஒரு வைரஸும்

என் அம்மாவின் தம்பி இருதயராஜ் போன் செய்தால் முதலில் சாப்பாட்டு விசாரிப்பு, பிறகு முழங்கால் வலி, அதற்குப் பிறகுதான் விஷயம். நான் ஹாலந்துக்கு வந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை. போன செப்டம்பரில் ஒரு காலை ஏழு மணிக்கு, எடுத்த எடுப்பிலேயே, "மாப்ள, கம்ப்யூட்டருக்குள்ள எவனோ பூட்டு போட்டுட்டான்டா" என்றார். கையிலிருந்த காபி கொஞ்சம் தரையில் கொட்டியது. ஊரிலிருந்து வேளை கெட்ட வேளையில் போன் வந்தால் செய்தி என்னவென்று தெரிவதற்குள்ளேயே விமான டிக்கெட் தேடுகிற ஆள் நான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே மாமா?"

"மனுசங்க எல்லாம் நல்லாத்தான் கீறாங்க. பாட்டுங்கதான் போச்சி."

அது அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பது தெலுங்கு ஊரான லாலாகுடாவின் ரயில்வே காலனிக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. மாமா அங்கே ரயில்வே கேரியேஜ் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டராக இருந்தவர். ரயில் பெட்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுள் போனது. ஆனால் காலனியில் யாரிடம் கேட்டாலும் "பாட்டு ராஜன்னா" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். மாதா கோயிலின் தமிழ்ப் பாடற்குழு அவர் கையில். வருடா வருடம் பங்குத் திருவிழாவுக்கு ஒரு புதுப் பாட்டு. சொல் அவருடையது, மெட்டு அவருடையது, சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலுக்கும் ஸ்வரம் பிரித்து எழுதுவதும் அவரே. முப்பது வருடத்தில் முப்பது பாட்டு. இடையில் டைபாய்டு வந்த வருடம்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதினார்.

இதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட வேண்டிய வரி மட்டும்தான் தாளில் அச்சாகிக் கைக்கு வரும். நாலு வரியும் சேர்ந்த முழுப் பாட்டு அவர் கம்ப்யூட்டரைத் தவிர வேறெங்கும் கிடையாது. "பக்கத்து லைன் கண்ணுல பட்டா பாயிண்ட் மாறின வண்டி மாதிரி அங்க ஓடிடுவானுங்க" என்பார். புதுப் பாட்டென்றால் திருவிழாவுக்குச் சரியாகப் பத்து நாள் இருக்கும்போதுதான் வெளியே வரும். அதுவரை மாமிக்குக்கூட ஒரு வரி தெரியாது.

அவர் போன் செய்த அன்றைக்குத் திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அவருடைய பாட்டுகள் எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை. செல்போனுக்கு அனுப்பினால் கட்டமும் கோடுமாய் ஏதோ வரும். அவர் மகள் ஜெஸ்ஸி பள்ளிக்கூட டீச்சர், சோப்ரானோவில் நடுநாயகம். "டாடி, யூனிகோடுக்கு மாத்துங்க" என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அவளை அசத்திவிட வேண்டும் என்று மாமா தனியாகத் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து இலவசமாக எழுத்து மாற்றித் தரும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கியிருக்கிறார். "முதலில் உங்கள் ஆன்டிவைரஸை நிறுத்தவும்" என்று அது மரியாதையாகக் கேட்டதாம்.

"நிறுத்திட்டீங்களா?"

"அவ்ளோ பணிவா கேட்டான்டா."

கால் மணி நேரத்தில் எல்லாக் கோப்புகளின் பெயரும் மாறிவிட்டது. திறந்தால் ஒரே கிறுக்கல். கூடவே, பணம் கட்டினால் சாவி தருகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம்.

அதற்குப் பிறகு மாமா செய்தது எல்லாம் சரி. இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டார். யாரையும் தொட விடவில்லை. பழுதான ரயில் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றித் தனித் தடத்தில் ஒதுக்கி, அதன்மேல் சீட்டு ஒட்டிவிடுவது ஒர்க்‌ஷாப் வழக்கம். அதற்கு 'சிக்' போடுவது என்று பெயர். மாமா ஒரு சிவப்பு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டார். படம் எனக்கு வந்தது: 'சிக். கை வைக்காதே. இ.ராஜ்.'

எனக்கு மூச்சு வந்தது. "ரொம்பச் சரியா செஞ்சிருக்கீங்க மாமா. இனிமே கவலையில்ல. போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்ல எல்லாம் இருக்குமே?"

"கீதே. தெனம் தானாவே காப்பி ஆகுது."

"அத எங்க வச்சிருக்கீங்க?"

"எங்க வெப்பேன்? கம்ப்யூட்டர் பின்னாடிதான். மாட்டனது மாட்டனபடி கீது."

"ஒரு நாள்கூடக் கழட்டலையா?"

அவர் குரலில் நிஜமாகவே வலி தெரிந்தது. "மாப்ள, கூட்ஸ் வண்டிக்குக் கடைசில கார்டு உக்கார்ற பிரேக் வேன் இல்ல? அத எவனாவது கழட்டி வெப்பானா? அது பின்னாடி இருந்தாதான்டா வண்டிக்கே பத்திரம்!"

இன்ஜினோடு சேர்ந்து பிரேக் வேனும் கவிழ்ந்திருந்தது. ஒட்டிக்கொண்டே இருந்த டிஸ்க்கையும் வைரஸ் விட்டுவைக்கவில்லை. தப்பு என் பேரிலும்தான். வாங்கிக் கொடுத்தேன், தினமும் காப்பி எடுங்கள் என்று பாடம் நடத்தினேன். எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெஸ்ஸி போனைப் பிடுங்கினாள். என்னை அவள் தெலுங்கில்தான் முறை சொல்லிக் கூப்பிடுவாள்; அந்த ஊரில் 'வேண்டாம்' என்பதற்கு எல்லா மொழியிலும் 'நக்கோ'தான். "பாவா, டென்ஷன் நக்கோ. லெட்டரை போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், பாரு. ஏம் செய்யாலோ செப்பு."

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். முதலில், பணம் கட்டக்கூடாது. பின்னாலிருந்து மாமா, "திருடனுக்கு மணியார்டரா? போடா" என்று கத்தினார். சைபர் போலீஸுக்குப் புகார் பதிய வேண்டும். பேங்க், மெயில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் வேறு மிஷினிலிருந்து மாற்ற வேண்டும். இந்த மாதிரி பூட்டுகளுக்கு யாராவது சாவி கண்டுபிடித்திருந்தால் இலவசமாகத் தரும் தளங்கள் இருக்கின்றன, அங்கே பூட்டிய கோப்பில் ஒன்றைக் காட்டிப் பார்க்க வேண்டும். ஜெஸ்ஸி தன் லேப்டாப்பில் எல்லாவற்றையும் செய்தாள். சாவி இல்லை. இந்த வைரஸ் புதுசு. என்றைக்காவது சாவி வரலாம் என்று பூட்டிய கோப்புகளை அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டு மூட்டை கட்டி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாள். மிஷின் பிழைத்தது. உள்ளே ஒரு பாட்டும் இல்லை.

இரண்டு நாள் மாமா ஆர்மோனியத்தைத் தொடவில்லை என்று மாமி சொன்னார். எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் ஜெஸ்ஸி அப்பாவைக் கேட்காமலேயே பாடற்குழு வாட்ஸாப்பில் போட்டுவிட்டாள்: 'சனிக்கிழமை மூணு மணி, கோயில் ஹால். வீட்டில் இருக்கும் பழைய பாட்டுத் தாள் ஒன்று விடாமல் கொண்டு வரவும்.'

அன்றைக்கு ஒரு பூச்சாடியில் சாய்த்து வைத்த போன் வழியாக நானும் அந்த ஹாலில் இருந்தேன். வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். ஆல்டோ அன்னக்கிளி அக்கா ரயில்வே ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். முப்பது பாட்டுக்கும் முப்பது தாள், வருட வாரியாக, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தார். பாஸ் நந்தகுமார் ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடிப்பவர். வெறுங்கையோடு வந்தார்.

"எனக்கெதுக்கு பேப்பரு? எல்லாம் இங்க கீது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"அங்க இருக்கறதுதாண்ணே பயமா இருக்கு" என்றார் அன்னக்கிளி.

ஜெஸ்ஸி லேப்டாப்போடு உட்கார்ந்தாள், இந்தத் தடவை யூனிகோடில். ஒவ்வொரு குரலாக அவரவர் வரியைப் பாட, மாமா ஸ்வரம் சொல்ல, அவள் தட்டினாள். எட்டுப் பாட்டு தடங்கலில்லாமல் வந்தது. ஒன்பதாவதில், இரண்டாம் சரணத்துக் கடைசியில், நந்தகுமார் பாடியது மற்ற மூன்று வரியோடும் மோதியது.

"நந்தா, இது நான் எழுதல."

"அண்ணே, பதினோரு வருசமா இதத்தான் பாடினு கீறேன்."

"பதினோரு வருசமாவா? எனக்குக் கேக்கவேயில்லயே!"

மாமாவின் வலது காது ரிவெட் அடிக்கும் சத்தத்தில் எப்போதோ மந்தமாகிவிட்டது. பாஸ்காரர்கள் நிற்பது அவருக்கு வலப்பக்கம்.

"எங்களுக்குக் கேட்டுச்சு மாஸ்டர்" என்றார் அன்னக்கிளி. "ரெண்டு தடவ சொன்னேன். 'ஒன் லைன நீ பாரு'ன்னீங்க. பாத்தேன்."

ஜெஸ்ஸி லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். அதற்காகவே காத்திருந்தது போல மொத்த ஹாலும் சிரித்தது. "பதினோரு திருவிழா! ஃபாதருக்காவது கேட்டுதா?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்த இடத்தை மாமா அங்கேயே திருத்திச் சொல்ல, ஜெஸ்ஸி தட்டிக்கொண்டாள். இருட்டிய பிறகு சமோசாவும் இரானி டீயும் வந்தபோது இருபத்தேழு பாட்டு முடிந்திருந்தது. மீதி மூன்றுக்கு டெனர் வரி யாரிடமும் இல்லை. அந்த வருடங்களில் டெனர் பாடிய இளங்கோவன் இப்போது மௌலா அலி ஏரியாவில் குடியிருக்கிறார். ஜெஸ்ஸி கூப்பிட்டதும் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே பாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். நடுவே ஒரு ஆட்டோக்காரரிடம் "நக்கோ பாய், பாட்டு பாடறேன்" என்று சொன்னதும் அதில் வந்துவிட்டது. முப்பதும் கிடைத்தன.

"இந்த வருசப் பாட்டு?" என்று அன்னக்கிளி கேட்டார்.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அது யார் கையிலும் குடுக்கலயே. சொல்லும் மெட்டும் ஞாபகம் கீது. நாலு வரியாப் பிரிச்சதுதான் ரெண்டு மாச வேலை. எல்லாம் கலந்து போச்சி. இந்த வருசத்துக்குப் பழசு எதனா பாடிடுவோம்."

"கைக்கு டாடி, எதுக்கு? முப்பது வருஷம் விடாம பண்ணிட்டு இப்போ விடறதா?" என்றாள் ஜெஸ்ஸி.

"ஒன்பது நாள்தான் கீது பாப்பா."

"மெட்டு தெரியும்ல மாஸ்டர்? அத மட்டும் பாடுங்க. கேப்போம்" என்றார் அன்னக்கிளி.

திருவிழாப் பாட்டைப் பத்து நாள் கணக்கு தாண்டி, பேப்பர் இல்லாமல், எல்லோர் முன்னாலும் மாமா பாடியது அதுதான் முதல் தடவை. ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பாடினார். இரண்டாம் முறை பல்லவி வந்தபோது அன்னக்கிளி அடிக்குரலில் கூடவே முனக ஆரம்பித்தார். மாமாவின் விரல் நின்றது.

"இது நான் எழுதனது இல்ல."

"தெரியும். நல்லா கீதா, இல்லயா? அத மட்டும் சொல்லுங்க."

போன் திரையில் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் அதோடு எல்லாம் முடிந்தது.

"இன்னொரு வாட்டி பாடு" என்றார் கடைசியில். தலையைச் சாய்த்துக் கேட்டார். "நான் போட்டது இதவிட மேலயே சுத்தும். இது கீழ எறங்கி வருது. எறங்கட்டும். பாப்பா, தட்டிக்கோ."

அடுத்த நாலு சாயங்காலம் அந்த ஹாலில் பாட்டைவிட வாக்குவாதம்தான் அதிகம் நடந்தது. டெனர்களுக்கு ஒரு யோசனை, சோப்ரானோவுக்கு இன்னொன்று. மாமா பாதியை வெட்டினார், பாதியை விட்டார். நாலு வரியும் சேர்ந்த முழுப் பாட்டை ஜெஸ்ஸி அன்றன்றைக்கே எல்லோர் போனுக்கும் அனுப்பினாள். முதல் நாள் மாமா வாய் திறக்கப் போனார். "டாடி, இருபது போன்ல இருந்தா எந்த வைரஸும் ஒரே நேரத்துல எல்லாத்தையும் திங்காது" என்றாள் அவள். அவர் ஆர்மோனியம் பக்கம் திரும்பிக்கொண்டார். புது டிஸ்க் ஒன்றும் வாங்கியாயிற்று. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாட்டுகிறார், காப்பி முடிந்ததும் தன் கையாலேயே கழற்றி, பீரோவில் மாமியின் பட்டுப்புடவைக்கு அடியில் வைக்கிறார். மாசத்துக்கு ஒரு பாட்டையாவது அதிலிருந்து திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று எனக்குப் போட்டோ அனுப்புகிறார். நான் கேட்டது அவ்வளவுதான், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

திருவிழாப் பூசையை நேரலையில் பார்த்தேன். புதுப் பாட்டு காணிக்கை நேரத்தில் வந்தது. கடைசிச் சரணத்தில் நந்தகுமார் ஒரு இடத்தில் தவறினார். உடனே பாடற்குழுவில் பத்துப் பன்னிரண்டு தலை ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பியது கேமராவில் துல்லியமாகத் தெரிந்தது. எல்லோருக்கும் இப்போது அவர் வரி மனப்பாடம். அடுத்த அடியில் சரியாக வந்து சேர்ந்துகொண்டார்.

பூசை முடிந்ததும் ஜெஸ்ஸி வீடியோவில் கூப்பிட்டாள். கோயில் வாசலில் பிரியாணிப் பந்தி. மாமா கையில் அன்றைய பாட்டுத் தாள். முப்பது வருடமும் அதன் அடியில் 'சொல், இசை: இருதயராஜ்' என்று மட்டும் இருக்கும். இந்தத் தடவை அதற்குக் கீழே இன்னொரு வரி: 'ஆல்டோ: அன்னக்கிளி.'

அன்னக்கிளி அக்கா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "என்ன மாஸ்டர், பேரு எறும்பு சைஸ்ல கீது?"

"எடம் பத்தல."

"உங்க பேருக்கு மட்டும் எடம் இருந்திச்சே?"

"சரிம்மா. அடுத்த வருசம் பல்லவியும் நீயே போடு, பெருசா போட்டுக்கலாம்."

"அப்ப பாஸ் லைன் நான் எழுதறேன்" என்று தட்டோடு ஓடி வந்தார் நந்தகுமார்.

"நக்கோ!" என்றார்கள் இரண்டு பேரும்.