இரண்டாவது கார்டு

லாரி ஷெட்டில் அவருக்குப் பெயர் கோட்டான். கண்ணை மூடாமல் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவாராம். இந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்களில் ஒருவர்கூட அவரோடு வண்டியில் போனதில்லை. போயிருந்தால், மனிதர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார் என்று தெரிந்திருக்கும்.

சட்டம் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு பெட்டி. டிரைவர் தன் படம் போட்ட கார்டை அதில் செருகிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். ஒன்பது மணி நேரம் ஓடியதும் பெட்டி கத்தும். அதற்கப்புறம் படுத்தே ஆகவேண்டும். ஷெட் மேனேஜர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு வண்டிக்கு இரண்டு டிரைவர் என்று எழுதுவார், ஒருவரைத்தான் அனுப்புவார். கோட்டானுக்கு ஜோடி, அவர் மனைவியின் தம்பி. முதுகு போய், ஷெட்டில் பழைய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் ஷெட்டிலேயே இருப்பான், அவன் கார்டு மாமாவின் சட்டைப்பையில் ஊர் சுற்றும். பெட்டி கத்தியதும் மாமா தன் கார்டை உருவிவிட்டு அதைச் செருகுவார்.

போதாத காலம், அன்றைக்கு மச்சினனும் வண்டியில் இருந்தான். முதுகை டாக்டரிடம் காட்டப் போனவன், சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பட்டப்பகல் மூன்று மணி. ஓட்ட ஆரம்பித்துப் பதினாலு மணி நேரம் ஆகியிருந்தது. கோட்டான் கண்ணயர்ந்தார். பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு தாயும் மகளும் அங்கேயே செத்துப்போனார்கள். ஆள் கூடுவதற்குள் மாமாவும் மச்சினனும் கீழே இறங்கியிருந்தார்கள். பெட்டியில் இருந்தது மச்சினன் கார்டு.

"நான் தூங்கிட்டிருந்தேன் சார்," என்றான் அவன்.

"அதுதான் தெரியுதே. தூங்கிக்கிட்டேதான் ஓட்டியிருக்கே," என்றார் விசாரணை அதிகாரி. பக்கத்து மேஜைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாமா ஒரு வார்த்தை சொன்னால் அவன் வெளியே வந்துவிடலாம். மேனேஜர் முந்திக்கொண்டார். "உனக்குக் குடும்பம் இருக்கு. அவன் ஒண்டிக்கட்டை. யோசிச்சுப் பேசு."

வீட்டில் மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஓட்டினது யாருன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நான் போய்ச் சொல்லிடுவேன்."

அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பியா தாலியா என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள், பாவி.

கோர்ட்டில் மச்சினன் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, சொல்லிடுங்க மாமா."

"அவன்தாங்க ஓட்டினான். நான் பின்னால படுத்திருந்தேன்," என்றார் கோட்டான். நாக்கு கூசவில்லை அந்த மனிதருக்கு. ஆறு வருடம் என்று தீர்ப்பானது.

மறு மாதமே அவருக்கு வேறு வண்டி கிடைத்தது. வீட்டில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. மூத்த மகனுக்கு லாரி லைசென்ஸ் வந்துவிட்டது. மேனேஜரே கூப்பிட்டு அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இப்போதைக்கு ஷெட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

புது வண்டியின் முதல் ஓட்டம். ஒன்பது மணி நேரம் ஆனதும் பெட்டி கத்தியது. கோட்டான் கண்ணைக் கசக்கிக்கொண்டு சட்டைப்பையில் கைவிட்டார். கார்டில் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அதைத் துடைத்துச் செருகினார்.