தேங்காய் நின்ற இடம்

மெட்ராஸில் ஊருக்குள்ளேயே ஓடும் ரயிலுக்குத் தூண் நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி எண்பதுகளில் திருச்செங்கோட்டை எட்டியபோது, நான் இல்லாமல் அந்த ரயில் ஓடாது என்று முடிவு கட்டியவன் நான் ஒருவன்தான். நானும் என் மனைவியின் அண்ணனும் கூட்டாக ஒரு ரிக் வண்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போர்க்கிணறு போட்டுக்கொண்டிருந்தோம். ரயிலைச் சேலம் ஜங்ஷனில் நின்று பார்த்திருக்கிறேன். ஏறியதில்லை.

அந்தத் தூண்களுக்கு மண் சோதனை செய்யும் காண்ட்ராக்டரின் இன்ஜினியர், சேலம் சூரமங்கலத்தில் ஒரு மேம்பாலத்துக்கு மண் பார்க்க வந்திருந்தார். இங்கே ஒரு குழியைச் சரியாகப் போட்டுக் கொடுத்தால் மெட்ராஸ் வேலைக்கும் எங்களையே கூட்டிப் போவதாகச் சொன்னார். அந்த ‘கொடுத்தால்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு மீதியை டீக்கடையில் அறிவித்தேன். மனைவியிடம் கடலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். ஜேடர்பாளையம் அணைக்கு அப்பால் தண்ணீரையே பார்க்காதவள் அவள். அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்ஜினியர் முதல் நாளே இடத்தை அளந்து ஒரு முளைக்குச்சி அடித்திருந்தார். காலையில் வேலையை ஆரம்பிக்கும்படியும், ஆழம் போகப் போக வருகிற மண்ணைத் தனித்தனிப் பையில் எடுத்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் விடிந்ததும் போய்ச் சேர்ந்தோம். கற்பூரம் கொளுத்தினோம். பிறகு வழக்கப்படி உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடந்தேன். நீரோட்டம் இருக்கும் இடத்தில் அது தானாக எழுந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் என் கைராசிக்குப் பெயர் உண்டு.

குச்சிக்கு மேலே தேங்காய் அசையவே இல்லை. கொஞ்சம் தள்ளி வேலியோரம் போனதும் எழுந்து நின்றது. படித்த மனிதர் பாவம், இடத்தைத் தவற விட்டுவிட்டாரே என்று எனக்கு இரக்கமாகிவிட்டது. குச்சியைப் பிடுங்கினேன்.

“மாப்ள, அளந்து அடிச்ச குச்சிங்க, புடுங்கலாமுங்களா?” என்றார் மச்சான்.

தொழில் தெரியாமல் பேசாதீர்கள் என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் பார்ப்பதே பிழைப்பாக இருந்தவன் விட்டேன்.

வேலியோரம் குழி போட்டதும் தண்ணீர் பீறிட்டு அடித்தது. ரயில்வே குடியிருப்பிலிருந்து பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். ஒரு அம்மா என்னை மகராசன் என்றார். நான் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தேன். நடுவில் மண்ணைப் பை பையாகக் கட்டி வைக்கவும் மறக்கவில்லை.

டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிய இன்ஜினியர் குடங்களின் வரிசையைப் பார்த்தார். அவருக்கும் சர்க்கரை நீட்டினேன். மரியாதைக்கு வாங்கிக்கொண்டு குச்சி எங்கே என்று கேட்டார். நடந்ததைப் பெருமையாகவே சொன்னேன். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“தூண் அந்தக் குச்சி இருந்த இடத்துலதாங்க நிக்கப் போகுது. உங்க தேங்காய் நின்ன இடத்துல இல்ல” என்றார்.

மறு வாரம் வேறு ஆட்கள் வந்து அவர் சொன்ன இடத்தில் குழி போட்டார்கள். மெட்ராஸுக்கும் அவர்களே போனார்கள். டீக்கடையில் எப்போது ரயில் விடுகிறேன் என்று ரொம்ப நாள் விசாரித்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து சேலைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கொடியில் போட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆடி பதினெட்டுக்கு அவளை ஜேடர்பாளையம் கூட்டிப் போனேன். காவிரியில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. படியில் காலை நனைத்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, கடலு இதைவிடப் பெருசுங்களா?”

ஆமாம் என்றேன், பார்த்தவன் மாதிரி.

“அப்ப போகாததே நல்லதுங்க. அங்க போயிருந்தா உங்க தேங்காய் படுத்தே இருக்காது” என்றாள்.