ஓநாய்க்கு ராணி, சம்மட்டிக்கு ஜெயா

வரவேற்பு மேசையில் இருப்பவளுக்குச் சம்பளம் சிரிப்பதற்கு மட்டும்தான். ஏச்சு வாங்குவதெல்லாம் இலவசம். ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து காலம் தள்ளுகிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் உங்களில் எத்தனை பேர் ஒரு றொக் வானொலி நிலையத்தின் முன்மேசையில் இருந்திருப்பீர்கள்? நான் இருக்கிறேன். அதற்கு முன் எட்டு வருடம் ஒரு டெப்பனர் கடையில் பாலும் பியரும் லொத்தர் சீட்டும் விற்றவள். மொன்றியல் சனத்தின் எல்லா முகத்தையும் பார்த்து முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். என்ன மடத்தனம்! இங்கே ஆட்கள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னதை நம்முடைய தமிழில் தருகிறேன். சூடு மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு கதிரை, இரண்டு யன்னல்

எங்கள் நகரத்தில் றொக் பாட்டுக் கேட்கிறவர்கள் இரண்டு கட்சி. பிரெஞ்சில் கேட்கிறவர்களின் நிலையத்துக்கு ஓநாய் சின்னம். ஆங்கிலத்தில் கேட்கிறவர்களின் நிலையத்துக்குச் சம்மட்டி. அறிவிப்பாளர்கள் விடிந்தால் ஒருவரை ஒருவர் கிழி கிழி என்று கிழிப்பார்கள். கேட்கிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. காரின் பின்னால் ஓநாய் ஒட்டியவன், சம்மட்டி ஒட்டியவனுக்கு வழி விடமாட்டான்.

நேர்முகத்துக்குப் போன அன்றே எனக்கு முதல் அதிர்ச்சி. இரண்டும் ஒரே கட்டடம். ஒரே முதலாளி, ஒரே மாடி, ஒரே கோப்பி மெசின். தெரு முனையில் உள்ள கட்டடம் என்பதால் ஓநாய்க்கு ஒரு தெருவில் வாசல், சம்மட்டிக்கு மற்றத் தெருவில் வாசல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அதன் இரண்டு பக்கமும் கண்ணாடி யன்னல். நடுவில் ஒரு சுழல் கதிரை. முன்பு இரண்டு பேர் பார்த்த வேலையாம். இனி நான் ஒருத்திதான். ஓநாய்ப் பக்கம் ஆள் வந்தால் சம்மட்டிப் பக்கத் திரையை இறக்கிவிட்டு, சிவப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு திரும்பி “போன்ஜூர்” சொல்லவேண்டும். சம்மட்டிப் பக்கம் வந்தால் கறுப்புச் சால்வை, “ஹலோ”.

மேலாளர் மர்த்தீன் என் பெயரையும் விட்டுவைக்கவில்லை. ஜெயராணியை இரண்டாக வெட்டி, சம்மட்டிக்கு ஜெயா, ஓநாய்க்கு ராணி என்று தொலைபேசிப் பட்டியலில் போட்டுவிட்டார். எனக்கோ மறுத்துப் பேச வழியில்லை. சென்ட் லோரன்டில் என் கணவர் வேலை செய்த மருந்துத் தொழிற்சாலையை மூடி நாலு மாதம். ரொக்ஸ்பரோ வீட்டில் அடுப்பு எரிவது என் ஒரு சம்பளத்தில்தான். மர்த்தீன் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: “ரெண்டும் ஒண்டு எண்டு வாசல்லை வாற ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. மூண்டு மாசம் இப்பிடி இருந்து காட்டு, வேலை நிரந்தரம். தெரிஞ்சுதோ, அண்டைக்கே வீட்டை போகலாம்.”

சூப்பும் பகையாளியும்

முதல் வாரம். சம்மட்டியின் காலை அறிவிப்பாளர் ரிக், ஓநாயின் அறிவிப்பாளர் கய்யைப் பற்றிக் காற்றலையில் சொன்னதை இங்கே எழுத முடியாது. கய்யின் குரலைக் கேட்டால் பால் திரையும் என்பதுதான் அதில் எழுதக்கூடிய பகுதி. அடுத்த பத்து நிமிடத்தில் கய், ரிக்கின் தாடியில் என்னென்ன குடியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வாசித்தார். இவர்கள் இரண்டு பேரும் நடைபாதையில் முகத்துக்கு முகம் சந்தித்தால் என்ன ஆகும்? பொலிசைக் கூப்பிடும் எண்ணை ஒரு துண்டில் எழுதி மேசையில் ஒட்டி வைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டு அறைக்குப் போனால், கய் மைக்ரோவேவில் பட்டாணி சூப் சூடாக்கி, ரிக்கின் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ரிக் பாணை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அவருக்குத் தள்ளுகிறார். நான் கதவடியில் அப்படியே நின்றுவிட்டேன். என் முகத்தைப் பார்த்த ரிக் கரண்டியைக் கீழே வைத்தார்: “பயப்படாதை. இவனை ஏசாட்டி எனக்கு வேலை இல்லை. இவன்ரை மனிசி சமைக்காட்டி எனக்குச் சாப்பாடும் இல்லை.”

வாயை மூடிய ஓநாய்

பனிச் சப்பாத்தோடு ஒரு மனிதர் ஓநாய் யன்னலுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், கட்டட வேலைக்காரர். வணக்கம் சொல்லவில்லை. குனிந்து வலது காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, காலைத் தூக்கி என் யன்னல் விளிம்பிலேயே வைத்துவிட்டார். டெப்பனரில் இரண்டு முறை கொள்ளை போனபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சடைக்கவில்லை. கெண்டைக்கால் முழுக்க ஓநாய். வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்து ஊளையிடுகிற பழைய ஓநாய், பச்சை குத்தியிருந்தார்.

நிலையம் அந்த மாதம்தான் சின்னத்தை மாற்றியிருந்தது. நவீனமாக இருக்கட்டும் என்று யாரோ ஓநாயின் வாயை மூடிவிட்டார்கள். எனக்கு ஒரு தொப்பியும் பேனாவும் கொடுத்துச் சமாளிக்கத்தான் தெரியும். அவர் இரண்டையும் தொடவில்லை. கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லவில்லை. “மடாம், நீங்கள் உங்கடை ஓநாயின்ரை வாயை மூடிப்போட்டியள், சரி, இதுக்கு ஆர் போய்ச் சொல்லுறது வாயை மூடச் சொல்லி?”

ஒரே பூசை, இரண்டு கார்

இரண்டாம் மாதம் ஒருநாள். கறுப்புச் சால்வையோடு இருந்தபடி வீட்டுக்காரருக்கு “சோத்தை இறக்கி வையுங்கோ” என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யன்னலுக்கு வெளியே ஒரு குரல்: “தங்கச்சி, நீர் தமிழோ?” தூக்கிவாரிப் போட்டது. மன்னார் ஆள். அன்ரன் அண்ணை. சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. போட்டியில் வென்ற சம்மட்டிக் கோப்பையை வாங்க வந்திருந்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சம்மட்டிதான் பாடுமாம். அதைக் கேட்டுத்தான் ஆங்கிலம் பிடித்தாராம். “ஒரு வார்த்தை விளங்காத காலத்திலை என்னோடை கதைச்சது இவங்கள்தான்” என்று சொன்னபோது எனக்கு மனம் இளகிவிட்டது.

தம்பி சகாயம் பின்னால் வந்தவராம். பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர், ஓநாய் கேட்கிறவர். இரண்டு பேரும் ஒரே வீட்டின் மேலும் கீழும்தான். ஞாயிறு பூசைக்கு ஒரே கோயிலுக்குத்தான் போவார்கள், ஆனால் இரண்டு காரில். ஒரு காரில் ஏறினால் எந்த நிலையத்தைப் போடுவது என்று சண்டை வந்து, ஒருமுறை நெடுஞ்சாலையில் ஒருவரை ஒருவர் இறக்கிவிடப் பார்த்தார்களாம். நான் வாயில் கை வைத்தேன். அவர் கோப்பையைக் கவனமாகத் துணியில் சுற்றிக்கொண்டு சொன்னார்: “யேசுவிலை நாங்கள் ஒற்றுமைதான் தங்கச்சி, றேடியோவிலை மட்டும்தான் பிரிவு.”

என் காதாலேயே கேட்டேன்

ஒரு கிழமை போகவில்லை. சிவப்புச் சால்வையோடு ஓநாய் யன்னலில் இருக்கிறேன். அதே மூக்கு, அதே நெற்றி, பதினைந்து வயது குறைவாக ஒரு முகம் வந்து நிற்கிறது. சகாயம்! அண்ணனும் தம்பியும் வீட்டில் ஒரு வார்த்தை ஒப்பிட்டுப் பார்த்தால் என் வேலை அதோடு சரி. இரண்டு நிலையத்திலும் தமிழ்ப் பொம்பிளை, அதே உயரம், அதே மூக்குத்தி. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? நான் சால்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, தடிமன் பிடித்தவள் போல இருமினேன்.

சகாயம் உற்றுப் பார்த்தார். “அக்கா, நீங்கள் தமிழ்தானே?” ஓம் என்றேன், வேறு வழி? அவர் சுற்றிப் பார்த்துவிட்டு யன்னலுக்குக் கிட்ட வந்தார். அதற்கு முந்தின நாள் சம்மட்டி எண்ணுக்கு ஒருவர் பெயர் சொல்லாமல் ஆங்கிலத்தில் எடுத்து, ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டிருந்தார். மூன்றாம் தரம் நான் கொஞ்சம் வெடுக்கென்று பதில் சொன்னது உண்மைதான். அந்த ஆள் யார் என்று இப்போது தெரிந்தது: “அண்ணைக்கு அங்கை இருக்கிற ஜெயாவைப் பற்றி வீட்டிலை ஒரே புகழ்ச்சி, நான் ஃபோன் எடுத்துப் பாத்தனான் அக்கா, சரியான வாய்க்காரி, உங்கடை கால்தூசிக்கும் வரமாட்டாள்.”

ஜெயாவின் வேலை போன விதம்

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை மர்த்தீன் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரொறன்ரோ தலைமை அலுவலகத்தில் புதிதாக வந்த ஒரு பெரியவர் தொலைபேசியில் இருந்தார். எங்களை நேரில் பார்த்தவர் இல்லை. தொலைபேசிப் பட்டியலையும் நேயர் கடிதங்களையும் மட்டும் வைத்துக்கொண்டு கதைத்தார். ராணியைப் புகழ்ந்து நிறையக் கடிதங்களாம். ஜெயாவைத் திட்டியும் நிறையக் கடிதங்களாம். திட்டியவர்கள் முழுப்பேரும் ஓநாய்க்காரர், வேண்டுமென்றே சம்மட்டிக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தவர்கள். சம்மட்டிக்காரரோ கடிதம் எழுதுகிற ஆட்கள் இல்லை.

ஒரு கட்டடத்துக்கு இரண்டு வரவேற்பாளர் எதற்கு என்று பெரியவர் கேட்டார். மர்த்தீன் வாயைத் திறக்கப் போய், என்னைப் பார்த்து, திரும்ப மூடிக்கொண்டார். பெரியவரே தீர்ப்பும் சொன்னார்: ராணி இன்று முதல் நிரந்தரம். ஜெயாவை வெள்ளிக்கிழமையோடு நிறுத்தி, சம்மட்டி வாசலையும் பூட்டிவிடலாம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் “தாங்ஸ்” என்றேன். பெரியவர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “ராணி, ஜெயாவோடை நீங்கள் பழகியிருப்பீங்கள்தானே, அவவுக்கு இதை நீங்களே பக்குவமாச் சொல்லிவிடுங்கோ.”

அடுத்த தெரு

சம்மட்டிக் கதவில் ஓர் அறிவித்தல் தொங்கியது: பரிசு வாங்க வருவோர் அடுத்த தெரு வாசலுக்கு வரவும். முதலில் வந்தவர் அன்ரன் அண்ணை. சம்மட்டித் தொப்பி ஒன்று வென்றிருந்தார். முனையைச் சுற்றி வந்தவர், ஓநாய்ப் படம் போட்ட கதவைக் கண்டதும் பனிக்குள் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன். தொப்பியை எடுத்துக்கொண்டு, சிவப்புச் சால்வையோடு நானே வெளியே போனேன்.

இப்போது எல்லாம் வெளிப்பட்டுவிட்டது, இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. பூட்டிய கதவு, அறிவித்தல், அடுத்த தெரு, அதே நான். குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும். அவர் என் சால்வையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீருமே?” என்றார். “துரோகி.” எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லுக்கு உயிர் போன காலம் உண்டு. அத்தனையையும் தாண்டி, கடலையும் தாண்டி வந்தவள் நான்; ஒருவர் வாயாலும் அந்தப் பெயர் எடுத்ததில்லை. எடுத்தது ஒரு றொக் வானொலியால், மொன்றியல் தெருவில், கையில் ஒரு தொப்பியோடு.

தாங்க முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லியே விட்டேன். “அண்ணை, ரெண்டும் ஒண்டுதான்! ஒரே முதலாளி, ஒரே கட்டடம், அங்கை இருந்ததும் நான்தான், இங்கை இருக்கிறதும் நான்தான்.” அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. செத்த வீட்டில் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். தொப்பியை வாங்காமலே திரும்பினார்: “ரெண்டும் ஒண்டுதான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் தங்கச்சி, எல்லாரும் மற்றப் பக்கம் போறவை.”

வேலை போய்விடும் என்று மூன்று மாதம் குலை நடுங்கி மறைத்த உண்மையை, நடுத்தெருவில் நின்று கத்திச் சொன்ன அன்றுதான் எனக்குத் தெரிந்தது, அதை மறைத்திருக்கவே தேவையில்லை என்று.