எதிர்த்திசையில் போகிற புள்ளிகள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பெருங்கூட்டம் கூடும் இடத்தில் ஆபத்து வந்தால் மக்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று கணினித் திரையில் ஓட்டிக் காட்டும் மென்பொருளை அங்கே எழுதிக்கொண்டிருந்தோம். வாங்கப்போகிறவர்கள் பாதுகாப்புத் திட்டம் போடும் அதிகாரிகள்.

மாதிரிக்குப் பத்துமலைத் தைப்பூசத்தை எடுத்துக்கொண்டோம். பக்தர்களெல்லாம் நீலப் புள்ளிகள். எச்சரிக்கை மணி அடித்ததும் அத்தனையும் பக்கத்து வாசலைப் பார்த்து வரிசையாக நடந்துவிடும். எந்தப் புள்ளிக்கும் மனைவி இல்லை, மூட்டுவலி இல்லை, தேடி எடுக்கச் செருப்பும் இல்லை. அவ்வளவு ஒழுங்கான தமிழர்களை நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் அவர்களைப் படைத்தவன் என்ற பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அந்த வருஷத் தைப்பூசத்துக்குக் கிள்ளானிலிருந்து மனைவியோடு போனேன். படியிறங்கி வந்த நேரம் மழை கொட்டியது. கூட்டம் மொத்தமாக ரயில் நிலையம் பக்கம் திரும்பியது. அந்தத் தள்ளலில் மனைவியைக் காணவில்லை. கைப்பேசியில் கூப்பிட்டாலும் இணைப்பு கிடைக்கவில்லை. வெளியேறும் வழி எது என்று அங்கிருந்த எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நானோ கூட்டத்தை இடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கமே திரும்பிப் போனேன்.

கயிறு பிடித்து நின்ற தொண்டூழியப் பெண் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, எல்லாரும் அந்தப் பக்கம் போறாங்க. நீங்க மட்டும் எங்க போறீங்க?"

"வைஃப காணோம்க்கா."

அவர் திட்டவில்லை. என்னைப் போல் வந்தவர்களை ஏற்கெனவே ஒரு பந்தலுக்குள் நிறுத்தி வைத்திருந்தார். என்னையும் அங்கே தள்ளினார். சற்று நேரத்தில் மனைவியும் அதே பந்தலுக்கு வந்து சேர்ந்தாள். அவளும் என்னைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராகத்தான் போயிருக்கிறாள்.

வேலைக்குத் திரும்பியதும், துணையைத் தேடித் திரும்பி ஓடுகிறவர்களைச் சிவப்புப் புள்ளிகளாகச் சேர்த்தேன். திரை முழுக்க முட்டல், மோதல். படிக்கட்டு காலியாகவே இல்லை. மேலாளர் வந்து பார்த்தார்.

"இந்தச் சிவப்பெல்லாம் எடுத்துடு லா. பார்க்க அசிங்கமா இருக்கு."

எதிர்த்து வாதாடினேன் என்று எழுத ஆசைதான். ஒரு தடவை முனகினேன், பிறகு எடுத்துவிட்டேன்.

விளக்கக் கூட்டத்தில் நீலப் புள்ளிகள் சமர்த்தாக வெளியேறின, அதிகாரிகள் கைதட்டினார்கள். தேநீர் இடைவேளையில் ஒருவர் மட்டும் என்னிடம் வந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகளாம். கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் இதில் பெற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். கறிபாப்பை மென்றபடி, அது அடுத்த பதிப்பில் வருகிறது என்று பொய் சொன்னேன். அவர் நம்பிவிட்டார்.