திறக்காமல் ஒதுக்கிய கடிதம்

கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு முகவர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. இணையம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஒரு நாள் காலை, கணினிப் பாதுகாப்பு பற்றிய அஞ்சல் குழு ஒன்றிலிருந்து எச்சரிக்கை வந்தது. நாங்கள் எல்லாரும் பயன்படுத்திய உலாவியில் ஓர் ஓட்டை இருக்கிறது. மிக நீளமான முகவரி கொண்ட இணைப்பு ஒன்றைச் சொடுக்கினால் போதும், அந்த இணைப்பை உருவாக்கியவன் நம் கணினியைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். திருத்தம் இன்னும் வெளிவரவில்லை.

எதையும் செய்து பார்த்த பிறகுதான் நம்புவேன். வலையிலிருந்து கழற்றி வைத்த பழைய கணினி ஒன்றில், ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை நூற்றுக்கணக்கில் வரிசையாக அடித்து, அதை ஒரு முகவரியாக்கிச் சொடுக்கினேன். உலாவி செத்து விழுந்தது. பிழைப் பெட்டியில், கணினி அடுத்து எங்கே போக முயன்றது என்று காட்டும் இடத்தில், நாற்பத்தொன்று என்ற எண் நான்கு முறை ஒட்டி ஒட்டி நின்றது. கணினிக்குள் ‘ஏ’ எழுத்துக்கான எண் அதுதான். நான் அடித்த எழுத்துகளே கணினிக்கு வழி சொல்லத் தொடங்கியிருந்தன. கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அப்பாவுக்கு இதைச் சொன்னேன். அவர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அந்த ஃபிளாட்டில் நாங்கள் இருவர் மட்டுந்தான்.

“அப்பா, வண்டியை ஒதுக்கி விடுற உங்கட லூப் லைன்ல முப்பது வேகன்தான் நிக்கும் எண்டு வையுங்கோ. எண்ணிப் பாக்காம நாப்பதை உள்ள விட்டா?”

“வால் மெயின் லைன்ல நிக்கும். பின்னால வாற மெயில் ரயில் வந்து அடிக்கும்.”

“அதேதான். பக்கம் அனுப்புற எழுத்தை உலாவி எண்ணிப் பாக்காம உள்ள விடுது.”

“ஆர் அந்த ஸ்டேஷன் மாஸ்டர்? சஸ்பெண்ட் பண்ணோணும்.”

“அமெரிக்காவில இருக்கிறார். திருத்தி அனுப்புவாராம்.”

“அதுமட்டும் என்ன செய்யிறது?”

அதுவரைக்கும் என்ன செய்வது என்பதை நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். தெரிந்த பக்கங்களுக்கு மட்டும், நான் குறித்துக் கொடுத்த வழியில் போக வேண்டும். தெரியாதவர் அனுப்பிய இணைப்பைத் தொடக் கூடாது. அப்படிப்பட்ட கடிதத்தை அழிக்காமல் தனியாக ஒதுக்கி வைத்தால், திருத்தம் வந்த பிறகு நான் பார்ப்பேன். அலுவலகத்தில் ஒவ்வொரு திரையின் ஓரத்திலும், வீட்டில் அப்பாவின் கணினியிலும் இதை ஒட்டினேன்.

“ஒரு லிங்க்தானேக்கா, தொட்டா கையா சுடும்?” என்றான் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவன்.

“கை சுடாது. மேனேஜரோட சம்பள ஃபைல் யார்கிட்டயோ போய்ச் சேரும்.”

“அப்ப எனக்கே அனுப்பச் சொல்லுங்க லா. பாத்துட்டுத் திருப்பித் தரேன்.”

அங்கே யாரும் அந்த விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்ததாக எனக்கு நினைவில்லை. அப்பா கடைப்பிடித்தார். சிக்னல் சிவப்பாக இருக்கும்போது ஏன் என்று கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்பாவுக்கு வீட்டில் கணினி வாங்கிக் கொடுத்ததற்கு ஒரே காரணம் மாமி. அப்பாவின் ஒரே தங்கை அவர். எங்கள் பூர்வீகமான யாழ்ப்பாணத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். போர் ஊரைக் கிளப்பிய நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. எங்கோ ஒரு முகாமில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். காட்டுப் பக்கம் போன கூட்டத்தோடு போனார் என்று இன்னொருவர் சொன்னார். வெளிநாட்டில் இருந்த எங்கள் ஆட்கள் சிலர் நடத்திய பக்கத்தில், உறவினரைத் தேடுகிறவர்கள் எழுதி வைக்க ஒரு வருகைப் புத்தகம் இருந்தது. மாமியின் பெயரையும் ஊரையும் தன் மின்னஞ்சல் முகவரியையும் அப்பா அதில் எழுதியிருந்தார். தினமும் காலை நடை முடிந்து வந்ததும் மோடம் கிறீச்சிட்டுப் பாடுவதைப் பொறுமையாகக் கேட்டிருந்து, அந்தப் புத்தகத்தைக் கடைசி வரி வரை வாசிப்பார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் மாமியின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பார்.

திருத்தம் வர எதிர்பார்த்ததைவிட நாளாயிற்று, ஒரு மாதத்துக்கு மேல். ஒரு முறை வந்தது, சரியாக வேலை செய்யவில்லை என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை அலுவலகக் கணினிகளில் எல்லாம் அதைப் போட்டுவிட்டு, வட்டில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தேன். வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை. திருத்தத்தைப் போட்டு, என் ‘ஏ’ வரிசையைச் சொடுக்கிப் பார்த்தேன். முகவரி நீளம் என்று சொல்லிவிட்டு உலாவி உயிரோடு நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“பிள்ளை, ஒதுக்கி வைச்சதுகளை இனிப் பாக்கட்டோ?” என்று அப்பா கேட்டார்.

பார்த்தோம். ஒரு கடிதம் சத்து மாத்திரை விற்றது. ஒன்றில் யாரோ எங்களுக்குப் பரிசு விழுந்ததாகச் சொன்னார்கள். மூன்றாவது வந்து ஒரு மாதமாகியிருந்தது, அனுப்பியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. தலைப்பில் எழுத்து எதுவும் இல்லை, கேள்விக்குறிகளும் கோடுகளும் பாதி வட்டங்களும்தான். உள்ளேயும் அதே குப்பை, அதற்குக் கீழே திரையைத் தாண்டி ஓடும் ஒரு நீள இணைப்பு. நான் எதற்குப் பயப்படச் சொன்னேனோ அச்சு அசல் அதுதான். ஆனால் நான் உடனே புரிந்துகொண்டேன். வருகைப் புத்தகத்தில் அப்பாவின் முகவரியைப் பார்த்து யாரோ தமிழ் எழுத்துருவில் எழுதியிருக்கிறார்கள், அது வழியில் உடைந்திருக்கிறது. உடையும் என்று தெரிந்துதான் ஒரு படமாக்கிப் பக்கத்தில் வைத்து, இணைப்பை அனுப்பியிருக்கிறார்கள்.

சொடுக்கினேன். படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் கறுப்புக் கரை, அதன் நடுவில் ஒரு குத்துவிளக்கு. ‘மரண அறிவித்தல்’ என்ற எழுத்து. பிறகு ஒரு புகைப்படத்தின் மேல் விளிம்பு. நரைத்த முடி, நடுவில் நேராக எடுத்த வகிடு. பெயர் இன்னும் வரவில்லை.

“தங்கச்சி,” என்றார் அப்பா.

நெற்றி வந்தது, கண்ணாடி வந்தது. நான் எதையாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, முகம் முழுக்க வந்து முடியும்வரை திரையை நோக்கிக் குனிந்தே நின்றார். அதற்குக் கீழே பெயர், ஊர், இறந்த நாள். முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியையின் தேதியும் இருந்தது. அதுவும் முடிந்து போயிருந்தது.

இனி என்ன செய்வது என்று கோயில் ஐயரைக் கேட்க வேண்டும், ஆனால் இணையம் போன் லைனைப் பிடித்திருந்தது. இணைப்பை வெட்டினால் படம் போய்விடுமா என்று அப்பா கேட்டார். திரையில் வந்தது அப்படியே நிற்கும் என்று சொல்லிவிட்டு வெட்டினேன். போனில் ஐயர் நிதானமாகச் சொன்னார்: “முப்பத்தொண்டு நாள் தாண்டிப்போச்சு. இனித் துடக்கு இல்லை. கேட்ட உடனே தலை முழுகினாச் சரி.”

எங்கள் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால், துடக்கு என்று தீட்டுக் காக்கும் அந்த முப்பத்தொரு நாளும் கோயிலுக்குப் போகமாட்டோம், கல்யாணத்துக்குப் போகமாட்டோம், மீன் இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கமாட்டோம். ஆட்கள் வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போவார்கள். மாமி இறந்த பிறகான அந்த நாள்களில், எதுவும் தெரியாமல், அப்பா செராஸில் ஒரு கல்யாண வீட்டில் மணமக்கள் தலையில் அறுகரிசி போட்டிருந்தார். திருவிழாவில் சாமிக்குப் பின்னால் நடந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஒன்றையும் விடவில்லை.

“செத்தவளுக்கு ஆயுள் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன், பிள்ளை,” என்றார்.

அவர் உடுத்திருந்த சாரத்தோடேயே குளியலறைக்குள் போனார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலையைத் துவட்டாமல் வெளி நடைபாதையில் வந்து நின்றார். இரவுச் சந்தைக்குக் கூடையோடு இறங்கப் புறப்பட்ட பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னா அங்கிள், இந்த நேரத்துல குளியல்? பாசார் மாலாம் வரலயா?”

“இல்லையம்மா. இண்டைக்கு இல்லை.”

நான் எழுதிய விதி சரியானது. திரும்ப அப்படி ஓர் ஓட்டை வந்தால் அதையேதான் எழுதுவேன். ஒரு வரியை மாற்றியிருக்கலாமா என்று பலமுறை யோசித்துப் பார்த்தாயிற்று. அந்தக் கடிதத்தையும், கெட்டவன் அனுப்பும் கடிதத்தையும் வெளியிலிருந்து பிரித்துக் காட்டக்கூடியது எதுவும் இல்லை. அப்பா என்னை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்தது, அதனால்தான் அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் அந்தத் தெரியாதவருக்குக் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். நன்றி சொல்லச் சொன்னார். பிறகு, “கடைசியில ஆர் பக்கத்தில இருந்தவை எண்டு கேள்,” என்றார். எழுத்து உடையாமல் இருக்க ஆங்கிலத்தில் எழுதினேன். அந்தக் கேள்வியை மட்டும் மூன்று விதமாக எழுதி அழித்தேன்.

பதில் வந்தபோது நான் கிள்ளானில் இருந்தேன். அப்பா எனக்காகக் காத்திருக்காமல் தானே திறந்து வாசித்திருந்தார். மாலையில் கதவைத் திறந்ததுமே சொன்னார்.

“அந்தப் பெடியனுக்கும் தெரியாதாம். அவன் லண்டனில இருக்கிறான். ஊரிலயிருந்து ஆரோ எழுதினதைப் பாத்துத்தான் போட்டவனாம்.”

“எழுதினவர் ஆர் எண்டு கேக்கட்டோ, அப்பா?”

“தங்கச்சி இருந்த முகாமும் இப்ப அங்க இல்லையாம்,” என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேநீர் ஊற்றப் போனார்.