உஜேலி எடுத்த பெரிய குக்ரி

உஜேலி ராய்க்கு வனக்காவல் வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய வாய்தான். ஊர்க் காட்டுச் சங்கத்தின் கூட்டத்தில் பழைய காவலாளி எழுந்து நின்று, இன்னொரு வருடம் தன்னையே வைத்துக்கொள்ளும்படி பணிவாகக் கேட்டான். அவன் காவல் காத்த காலத்தில் மேற்குச் சரிவில் பாதி மரம் காணாமல் போயிருந்தது. பெண்கள் வரிசையிலிருந்து உஜேலி, "தூங்குறதுக்கு அவ்ளோ தூரம் ஏன் நடக்கணும், வீட்டுலயே பாய் இருக்குமே" என்றாள். கூட்டம் சிரித்தது. எரிச்சலடைந்த தலைவர், அவ்வளவு அக்கறை இருந்தால் அவளே காவல் பார்க்கட்டும் என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார். பெண்கள் கையைத் தூக்கிவிட்டார்கள். ஊரில் முக்கால்வாசி ஆம்பிளைகள் கத்தாரிலும் மலேசியாவிலும் இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் எண்ணிப் பார்ப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அதுவரை அவள் இடுப்பில் செருகியிருந்தது புல்லறுக்கும் அரிவாள். புல்லுக்கும் விறகுச் சுள்ளிக்கும் அது போதும். காட்டில் வழியை மறிக்கும் முள்கொடி, விழுந்த மரம், வேலிக்கு மூங்கில் என்று வரும்போது அரிவாள் பல்லிளித்தது. இடுப்பில் வளைந்த குக்ரிக் கத்தி இல்லாமல் காவலாளியா என்று ஊரே கேட்டது. கேட்ட ஊரில் ஒருத்தன்கூடத் தன் குக்ரியை இரவல் தரவில்லை. பெண்டாட்டியைக்கூட ஒரு வாரம் அம்மா வீட்டுக்கு அனுப்புவார்கள், குக்ரியை அனுப்ப மாட்டார்கள்.

மாமனார் மட்டும் பெருந்தன்மையாக முன்வந்தார். அவரை எல்லோரும் சுபேதார் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் அவர் கிண்டியது பருப்புக் குண்டான் என்பது வீட்டாருக்கு மட்டும் தெரியும். ஓய்வு பெறும்போது கொடுத்த குக்ரி சுவரில் தொங்கியது. பித்தளையில் சிங்கத்தலைப் பிடி, கண்ணாடி போல அலகு. அதை இறக்கி, மருமகள் நெற்றியில் அட்சதை அப்பி, அவள் கையில் கொடுத்தார். அடுத்த நாள் அது ஒரு முள்கொடியிலிருந்து எகிறி வந்து அவள் முழங்காலைத் தட்டியது. முழங்காலில் கீறல்கூட இல்லை. சிங்கத்தின் ஒரு காது மட்டும் போயிருந்தது.

"மாமா, இத வச்சு வெண்ணெய வெட்டினா வெண்ணெய்க்குக் கூச்சந்தான் வரும்" என்று திருப்பிக் கொடுத்தாள். சுபேதார் இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளைக்குப் பன்றிக்கறி என்று தெரிந்ததும் மன்னித்துவிட்டார்.

கணவன் ரத்னதோஜ் தோஹாவிலிருந்து வீடியோவில் வந்து யோசனை சொன்னான். மெலிசாக, நீளமாக, மூங்கில் இலை மாதிரி இருப்பதை வாங்கு, அதுதான் அழகு என்றான். பத்து வருடமாக அவன் வெட்டியது அட்டைப்பெட்டியைத்தான்.

"அங்க எத்தன மரத்த வெட்டின நீ? மரம் இருக்கா மொதல்ல?" என்று கேட்டாள். அவன் சிக்னல் சரியில்லை என்றான்.

சனிக்கிழமை திங்களா ஊர்ச் சந்தைக்கு இறங்கினாள். கருவாட்டுக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் பத்மலால் கொல்லன் கோணியை விரித்து, பெரியது முதல் சின்னது வரை குக்ரிகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தான். எல்லாம் லாரியின் வில்பட்டையில் அடித்தவை. பிடிக்குப் பக்கத்தில் அலகில் இருக்கும் அந்தச் சின்னப் பிறை வெட்டு எதற்கு என்று யாராவது கேட்டால், ஆளைப் பார்த்துப் பதில் சொல்வான். பக்திமானுக்குப் பசுவின் குளம்பு. பட்டாளத்துக்குப் போகும் பையனுக்குச் சிவன் சூலம். ரத்தம் பிடிக்கு வழியாமல் இருக்க என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறான். உஜேலி கேட்டபோது அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தங்கை முறை வைத்து பஹினி என்று கூப்பிட்டு உண்மையைச் சொன்னான்.

"எங்கப்பா போட்டாரு, நானும் போடுறேன் பஹினி. போடலன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அவள் குனிந்து பார்ப்பதற்குள் கும்பல் சேர்ந்துவிட்டது. இஞ்சி விற்க வந்தவன், முடிவெட்டுகிறவன், செருப்புக் கடைக்காரன், சும்மா வந்தவன் எல்லோரும் அவளுக்குக் குக்ரி தேர்ந்தெடுத்தார்கள். எல்லோர் கையும் ஒரே திசையில் நீண்டது. மூலையில் கிடந்த சாண் நீளக் குக்ரி, உறையில் சிவப்புப் பூ வரைந்தது. பொம்பளை கைக்கு அது போதும் என்றார்கள். முள்ளங்கி நறுக்க வசதி என்றான் முடிவெட்டுகிறவன்.

உஜேலிக்கு அது உண்மையில் பிடித்திருந்தது. எடை கைக்குள் அடங்கியது, பிடி உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது. முள்ளங்கி என்ற சொல் மட்டும் வராமல் இருந்திருந்தால் அதையே வாங்கியிருப்பாள். நேராகப் போய் வரிசையின் முதலில் கிடந்ததை எடுத்தாள். எருமைக்கிடா வெட்டுவதற்காக அடித்தது. வயிறு பெருத்து, முதுகு விரல் கனத்துக்கு இருந்தது. பத்மலாலே தயங்கினான். அது தசைன் பண்டிகைப் பலிக்கு ஒருநாள் தூக்கும் கத்தி, தினமும் கட்டிக்கொண்டு நடப்பதற்கு இல்லை என்றான்.

"நான் நடப்பேன். நீ கட்டிக் குடு."

கட்டிக் கொடுத்தான். சந்தையை விட்டு வெளியே வரும்வரை நிமிர்ந்து நடந்தாள். ஏற்றம் தொடங்கியதும் உறை தொடையில் இடிக்க ஆரம்பித்தது. வீடு சேரும்போது இடப்பக்கம் சாய்ந்து நடந்தாள். பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டா வந்தாய் என்று சுபேதார் கேட்டார்.

அந்தக் குக்ரியோடு அவள் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. மூங்கிலை வெட்டினால் மூங்கிலோடு பின்னாலிருந்த பாறையையும் வெட்டியது. குனிந்தால் உறையின் நுனி விலாவில் குத்தியது. வலது மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைய இடது கைக்கு மாறினாள். திருப்பிக் கொடுக்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் முடிவெட்டுகிறவனின் முகம் ஞாபகம் வந்தது. வீக்கத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் மேற்குச் சரிவில் உத்திஸ் மரம் ஒன்று வழியை மறித்து விழுந்து கிடந்தது. நல்ல பன்றி கனம். உஜேலி இரண்டு கையாலும் குக்ரியை ஓங்கி ஒரே போடாகப் போட்டாள். ஈர மரம் அலகைக் கவ்விக்கொண்டது. இழுத்தாள். காலை மரத்தில் ஊன்றி இழுத்து, மல்லாந்து விழுந்தாள். எழுந்து மறுபடி இழுத்து மறுபடி விழுந்தாள். கோபத்தில் ஒரு கல்லை எடுத்து அலகின் முதுகில் அடித்தாள். அடிக்க அடிக்க அது உள்ளே போனதே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் முதுகும் பிடியும் மட்டும் தெரிந்தன.

அப்போதுதான் கீழே பேச்சுக் குரல் கேட்டது. டம்பர் தன் ஆட்கள் இருவரோடு மேலே வந்துகொண்டிருந்தான். ஆட்களில் ஒருவன் தோளில் மெஷின் ரம்பம். டம்பர் சங்கத் தலைவரின் மச்சான். மேற்குச் சரிவின் பாதி மரம் எந்த வழியாகப் போனது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

ஓடலாம் என்றால் குக்ரியை விட்டுவிட்டு ஓட வேண்டும். உஜேலி கல்லைப் பள்ளத்தில் எறிந்தாள், பாவாடையில் ஒட்டிய சேற்றைத் தட்டினாள், குக்ரிக்குப் பக்கத்தில் மரத்தின் மேல் உட்கார்ந்தாள். மடியிலிருந்து வறுத்த சோளத்தை எடுத்து மெல்லத் தொடங்கினாள். வாய் உலர்ந்து சோளம் தொண்டையில் நின்றது. நல்லவேளை, அதனால் முதலில் அவள் பேசவில்லை.

டம்பர் அவளைப் பார்த்தான். பிறகு மரத்தைப் பார்த்தான். பிறகு மரத்துக்குள் போயிருந்த குக்ரியைக் குனிந்து பார்த்தான்.

"யாரு வெட்டினது இத?"

"இங்க வேற யாரு இருக்கா?"

"ஒரே வெட்டா?"

உஜேலி யோசித்தாள். பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு அவ்வளவாகக் கிடையாது.

"ரெண்டாவது வெட்டு நான் வெட்டல" என்றாள்.

அது சத்தியமான வார்த்தை. டம்பரின் ஆட்களில் ஒருவன் ரம்பத்தை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தான்.

சோளம் உள்ளே இறங்கியதும் அவளுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. ரம்பத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டாள். தலைவருக்குத் தெரியும் என்றான் டம்பர், தான் அவருடைய மச்சான் என்பதையும் ஞாபகப்படுத்தினான்.

"மச்சான்னா அக்கா வீட்டுல போய் சோறு சாப்பிடு தாஜு. இங்க உனக்கு என்ன வேலை?" என்று அண்ணன் முறை வைத்தே கேட்டாள். "சரி, வந்தது வந்துட்டீங்க, மெஷினும் சும்மாதான் இருக்கு. இந்த மரத்த அறுத்து வழிய விட்டுத் தள்ளிட்டுப் போங்க."

அவர்கள் ஏன் செய்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு பக்கமும் அறுத்தார்கள். நடுத் துண்டை உருட்டினார்கள், குக்ரியும் கூடவே உருண்டது. அப்படியே கத்தியையும் எடுத்துக் கொடுக்கும்படி உஜேலி கேட்டாள். டம்பர் இழுத்தான், வரவில்லை. இன்னொருவன் சேர்ந்து இழுத்தான். மூன்று பேரும் இழுத்தார்கள். கடைசியில் துண்டையே பிளந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்று ஆண்கள் இழுத்தும் வராததை ஒருத்தி ஒரே வெட்டில் இறக்கியிருக்கிறாள் என்ற எண்ணம் டம்பரின் முகத்தில் நன்றாகவே தெரிந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, குக்ரியை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

கதை அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. மாலைக்குள் மரம் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் அளவு பெருத்துவிட்டது. சுபேதார் அண்டை வீட்டில் கேழ்வரகுக் கள்ளைக் குடித்துக்கொண்டு, வெட்டும் வித்தை மருமகளுக்குத் தான் சொல்லிக் கொடுத்தது என்றார். தலைவர் அடுத்த கூட்டத்தில் உஜேலியின் பணியைப் பாராட்டிப் பேசினார், பல்லைக் கடித்துக்கொண்டு. மேற்குச் சரிவில் ரம்பச் சத்தம் நின்றது.

உஜேலியின் மணிக்கட்டு மட்டும் பூசணிப்பிஞ்சு போல வீங்கியிருந்தது. ஊரெல்லாம் பேர் வாங்கிய குக்ரியை இப்போது எப்படி மாற்றுவது? மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். இந்தக் கவலையில் அவள் இருந்தபோதுதான் டம்பர் ஒரு சேவலோடும் ஒரு பாட்டில் சாராயத்தோடும் வீட்டுக்கு வந்தான். சேவலைக் கட்டிப்போட்டுவிட்டு நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு அந்தக் குக்ரியைத் தனக்குக் கொடுக்க முடியுமா, என்ன விலையானாலும் சரி என்றான்.

உஜேலி ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். அப்படித்தான் மறுக்க வேண்டும். அவன் இன்னொரு சேவல் தருவதாகச் சொன்னான். அவள் பெருமூச்சு விட்டாள், மாமனாரைப் பார்த்தாள், வயிற்றில் பிறந்த பிள்ளையைத் தத்துக் கொடுப்பவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உறையோடு எடுத்துக் கொடுத்தாள். டம்பர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினான். வாசலைத் தாண்டும்போதே இடப்பக்கம் சாய்ந்துவிட்டான்.

சனிக்கிழமை மறுபடி சந்தை. இந்தத் தடவை ஒரு சாக்கில் காய்ந்த மூங்கில், ஈர மூங்கில், விறகுக்கட்டை, முள்கொடி எல்லாம் கட்டிக்கொண்டு போனாள். பத்மலாலின் கோணிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு குக்ரியாக எடுத்து வெட்டிப் பார்த்தாள். ஒன்றின் பிடி வெட்டும்போது உள்ளங்கையைச் சுட்டது. ஒன்று மூங்கிலில் நன்றாக இறங்கியது, கட்டையில் வழுக்கியது. ஒன்றின் உறை குலுக்கினால் கடகடவென்றது, நரிக்கும் கேட்கும். கொல்லன் தலையில் கைவைத்துக்கொண்டான். சாதி பார்த்துத் தன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவன்கூடத் தன் கத்தியைக் கேள்வி கேட்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறானே என்றான்.

"நீ கத்தி வாங்க வந்தியா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தியா?"

"பொண்ணு பாக்க இவ்ளோ நேரம் ஆகாது தாஜு. என்னப் பாக்க வந்தவங்க டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டாங்க."

பூ வரைந்த உறையைக் கடைசியாகத்தான் எடுத்தாள். முடிவெட்டுகிறவன் தன் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நன்றாகப் பார்க்கவிட்டு ஈர மூங்கிலை ஒரு வெட்டு, கட்டையை இரண்டு வெட்டு வெட்டினாள். முள்கொடி கேட்காமலே விழுந்தது. அவன் வாயில் முள்ளங்கி வரவில்லை, கதை அவனுக்கும் எட்டியிருந்தது. இதைத்தான் முதலில் எடுத்துக் கொடுத்தோமே என்று மட்டும் மெல்லச் சொன்னான். ஆமாம், நீ நல்லவன்தான் என்று உஜேலி ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்தக் குக்ரி வேலிக்கு மூங்கில் சீவும்போது அவள் கட்டைவிரலையும் கொஞ்சம் சீவிவிட்டது. வழியோரத்தில் இருந்த திதேபாத்தி இலையைக் கசக்கி வைத்துத் துணியைச் சுற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு மிச்ச மூங்கிலையும் சீவி முடித்து, வேலியைக் கட்டிவிட்டு மேற்குச் சரிவுக்கு ஏறிப் போனாள்.