ஏ.சி.யின் முதுகு

கல்லிடைக்குறிச்சித் தெருவில் வீடுகளுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ராமசேஷன் தொண்ணூற்றாறாம் வருஷக் கோடையில் ஜன்னல் ஏ.சி. வாங்கியபோது, அதன் முதுகை வெளியே நீட்ட இடமே இல்லை. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரை உடைத்து மாட்டச் சொல்லிவிட்டார். முகம் அவர் கட்டிலுக்கு, முதுகு மனைவி சங்கரியின் அடுப்புக்கு.

அது கக்கிய அனல் சங்கரியின் கழுத்தைப் பொசுக்கியது. சொன்னாள். அவர் காதில் விழுந்தால்தானே! ஒரு மத்தியானம் தாளித்துக்கொண்டிருந்தவளுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

"கதவைச் சாத்துடி, குளிர் வெளியே போறது" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சாத்தினாள். மறுநாள் அவர் அம்பாசமுத்திரம் போன நேரத்தில், ஏ.சி. மாட்டிய சுடலையாண்டியையே வரவழைத்தாள்.

"முகத்தை என் பக்கமாத் திருப்பி மாட்டுப்பா."

"சார் ஏசுவாகளே, மாமி."

"ஏசட்டும். நீ திருப்பு."

மத்தியானம் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்த ராமசேஷன் சுவிட்சைத் தட்டினார். முகத்தில் அனல் அடித்தது. பதறி எழுந்து சமையலறைக் கதவைத் தள்ளினார். ஏ.சி.க்கு நேரே கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள் சங்கரி. திரும்பக்கூட இல்லை.

"கதவைச் சாத்துங்கோ, குளிர் வெளியே போறது."